உயரம் கூடிப்போன லைட் ஹவுஸ்: கேப் பாயின்ட்டுக்கு இழுவை ரயிலில் ஏறினால் என்ன பார்க்கலாம்?

கலங்கரை விளக்கத்தை எங்கே கட்ட வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். எவ்வளவு உயரத்தில் முடியுமோ அவ்வளவு உயரத்தில். உயரத்தில் இருந்தால்தானே தூரத்தில் வருகிற கப்பலுக்குத் தெரியும்? தென்னாப்பிரிக்காவின் கேப் பாயின்ட் முனையில் விளக்கு வைக்கத் திட்டம் போட்ட 1850களின் பிரிட்டிஷ் ஆட்சியும் அப்படித்தான் நினைத்தது. கடலுக்குள் கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாறை மலையின் உச்சியில், கடல் மட்டத்திலிருந்து 238 மீட்டர் உயரத்தில், இரும்பு வார்ப்பில் செய்த கோபுரம் ஒன்றை நிறுத்தினார்கள். 1860 மே 1ஆம் தேதி விளக்கு ஏற்றப்பட்டது.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, அதே விளக்கின் காலடியில் ஒரு பெரிய பயணிகள் கப்பல் பாறையில் மோதி நின்றது. அதன் பிறகுதான் கீழே, கடலுக்குப் பக்கத்தில், இன்னொரு விளக்கு வந்தது. இன்றைக்கு கேப் டவுன் போகிற சுற்றுலாப் பயணிகள் இழுவை ரயிலில் ஏறிப் பார்த்துவிட்டு வருவது, இப்படி ஓய்வு கொடுக்கப்பட்ட அந்தப் பழைய கோபுரத்தைத்தான். வேலை செய்கிற விளக்கு வேறு. அதைப் பலர் கவனிப்பதே இல்லை.

இந்த இடம் எங்கே இருக்கிறது, ரயில் எப்படி மலை ஏறுகிறது, உயரத்தில் வைத்த விளக்கு ஏன் தோற்றது, போகிறவர்கள் எதைத் தவறவிடக் கூடாது என்று பார்ப்போம்.

நன்னம்பிக்கை முனையும் கேப் பாயின்ட்டும் ஒன்றா?

பள்ளிக்கூடத்தில் படித்த 'நன்னம்பிக்கை முனை' நினைவிருக்கும். 1488இல் போர்ச்சுக்கீசிய மாலுமி பார்த்தலோமியு டயஸ் சுற்றி வந்த முனை. 'புயல்களின் முனை' என்று முதலில் பெயர் வாங்கி, பிறகு மன்னர் இரண்டாம் ஜான் காலத்தில் 'நம்பிக்கை முனை' ஆனது. 1497இல் வாஸ்கோ ட காமா இதைச் சுற்றிக்கொண்டு போய், அடுத்த ஆண்டு மே மாதம் கோழிக்கோட்டை அடைந்தார்.

கேப் பாயின்ட் அதற்குப் பக்கத்து முனை. கேப் டவுனிலிருந்து தெற்கே ஒரு மெலிந்த தீபகற்பம் நீள்கிறது. அதன் கடைசி நுனி இரண்டாகப் பிரிகிறது. மேற்கில் தாழ்வாக இருப்பது நன்னம்பிக்கை முனை, கிழக்கில் செங்குத்தாக நிற்பது கேப் பாயின்ட். இரண்டுக்கும் நடுவே சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். நடந்தே போகலாம், பாதை இருக்கிறது. இரண்டுமே டேபிள் மவுன்டன் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். "ஆப்பிரிக்காவின் தென்கோடியில் நிற்கிறேன், இந்தப் பக்கம் இந்தியப் பெருங்கடல், அந்தப் பக்கம் அட்லான்டிக்" என்று இங்கிருந்து போட்டோ போடாதவர்கள் குறைவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆப்பிரிக்காவின் உண்மையான தென்கோடி இங்கிருந்து தென்கிழக்கே சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அகுல்ஹாஸ் முனை. இரு பெருங்கடல்களின் எல்லைக்கோடும் அதிகாரப்பூர்வமாக அந்த முனை வழியாகத்தான் போகிறது. அங்கேயும் 1849இல் ஏற்றிய ஒரு கலங்கரை விளக்கம் உண்டு. கூட்டம் மட்டும் அங்கே அவ்வளவு இருக்காது.

அதற்காக கேப் பாயின்ட்டில் ஒன்றுமில்லை என்றாகிவிடாது. மேற்குக் கரையோரம் குளிர்ந்த பெங்குவெலா நீரோட்டம் வடக்கே போகிறது. கிழக்கிலிருந்து வெதுவெதுப்பான அகுல்ஹாஸ் நீரோட்டம் வருகிறது. இரண்டும் மோதும் இடம் பருவத்துக்கும் காற்றுக்கும் ஏற்ப இடம் மாறிக்கொண்டே இருக்கும். தண்ணீரில் கோடு போட்ட மாதிரி எதுவும் தெரியாது, எதிர்பார்த்துப் போய் ஏமாற வேண்டாம்.

நம் ஊர்ப் பக்கத்துக்கும் இந்த முனைக்கும் பழைய தொடர்பு உண்டு. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கும் வரை, ஐரோப்பாவிலிருந்து மதராசுக்கு வந்த கப்பல்கள் எல்லாம் இந்த முனையைச் சுற்றித்தான் வந்தன. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டையும் நாகப்பட்டினத்தையும் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்த காலத்தில், சோழமண்டலக் கரையிலிருந்து ஆட்களை அடிமைகளாக கேப் டவுனுக்குக் கொண்டுபோனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாண்டிச்சேரி, காரைக்காலிலிருந்து குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களும் இந்த முனையைக் கடந்துதான் அட்லான்டிக்குக்குள் நுழைந்தார்கள். டர்பன் தமிழர்களின் கதை வேறு. 1860 அக்டோபரில் மதராசிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் போனவர்கள் நேராக இந்தியப் பெருங்கடலைக் கடந்து நேட்டாலில் இறங்கிவிட்டார்கள். அவர்கள் இந்த முனைப் பக்கமே வரவில்லை.

பழனி விஞ்ச்தான், ஊர் மட்டும் வேறு

சரி, மேலே எப்படிப் போவது? கார் நிறுத்துமிடத்திலிருந்து நடந்தும் போகலாம், ரயிலிலும் போகலாம். நடைபாதை நன்றாகப் போட்டிருக்கிறார்கள், ஆனால் ஏற்றம். முட்டி வலி உள்ளவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள், வயதானவர்கள் இவர்களுக்கெல்லாம் அந்த ரயில் பெரிய உதவி.

'ஃபுனிகுலர்' என்று பெயர். புதிதாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பழனி மலையில் விஞ்ச் ஏறியிருக்கிறீர்களா? அந்தக் குடும்பம்தான். தண்டவாளத்தின் மேல் பெட்டி நிற்கும். இன்ஜின் பெட்டியில் இருக்காது. மேலிருந்து இரும்பு வடம் பிடித்து இழுக்கும். பழனியில் இதற்குப் பக்கத்திலேயே ஓடும் ரோப் கார் வேறு இனம். அது வடத்தில் தொங்கிக்கொண்டு போவது. இழுவை ரயிலோ தரையை விட்டு எழும்பாது.

கேப் பாயின்ட்டில் முன்பு பயணிகளை மேலே கொண்டுபோக ஒரு டீசல் பேருந்து ஓடியது. 1996 டிசம்பரில் அதற்குப் பதிலாக இந்த ரயில் வந்தது. பாதையின் நீளம் 585 மீட்டர். அதில் 87 மீட்டர் உயரம் ஏறுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் சரிவு 16 சதவீதம், அதாவது நூறு அடி முன்னே போனால் பதினாறு அடி மேலே. பெட்டிக்கு 40 பேர். மூன்று நிமிடம்தான், மேலே போய்விடலாம்.

இதில் ரசிக்க வேண்டியது அந்த எடைக் கணக்கு. ஒரே வடத்தின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெட்டி. ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும். கிணற்று ராட்டினத்தில் கயிற்றின் இரண்டு பக்கமும் வாளி கட்டினால் எப்படி? இறங்குகிற வாளியின் எடை ஏறுகிற வாளியைத் தூக்கிவிடும், நாம் சும்மா கொஞ்சம் கை கொடுத்தால் போதும். இங்கேயும் அதுதான். இரண்டு வெற்றுப் பெட்டிகளின் எடை ஒன்றுக்கொன்று கழிந்துவிடும். மோட்டார் இழுக்க வேண்டியது ஆட்களின் எடை வித்தியாசத்தையும் உராய்வையும் மட்டும்தான். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மேலே போகிற பெட்டியில் 40 பேர், இறங்குகிற பெட்டியில் 10 பேர். வித்தியாசம் 30 பேர், ஆளுக்கு 65 கிலோ என்றால் ஏறத்தாழ 1,950 கிலோ. பாதை செங்குத்தாக இல்லை, 15 சதவீதச் சரிவுதான். அதனால் அந்த எடையில் 15 சதவீதம், கிட்டத்தட்ட 290 கிலோ அளவுக்கு இழுத்தால் போதும். அத்தனை பேரை மலையேற்ற இவ்வளவுதானா என்று தோன்றும்.

ஒரே தண்டவாளம் என்றால் இரண்டு பெட்டியும் நடுவழியில் முட்டிக்கொள்ளாதா? அதற்காக நட்டநடுவில் மட்டும் பாதை இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்கிறது. இரண்டும் ஒரே வடத்தில் கட்டியிருப்பதால் எப்போதும் சரியாக அந்த இடத்தில்தான் சந்திக்கும், கால அட்டவணையே தேவையில்லை. எந்தப் பெட்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று யாரும் லீவர் போட வேண்டியதுமில்லை. இதற்கான வழியை ரோமன் ஆப்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்து, 1879இல் சுவிட்சர்லாந்தின் கீஸ்பாக்கில் செய்து காட்டினார். பெட்டியின் ஒரு பக்கச் சக்கரங்களுக்கு உள்ளும் வெளியும் விளிம்பு இருக்கும். அவை தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டே போகும். மறுபக்கச் சக்கரங்கள் விளிம்பே இல்லாமல் அகலமாக இருக்கும். அவை சும்மா உருண்டு வரும். ஒரு பெட்டிக்குக் கவ்வும் சக்கரம் இடது பக்கம், இன்னொன்றுக்கு வலது பக்கம். பிரிவு வந்ததும் இது இடதில் போகும், அது வலதில் போகும். நகரும் பாகம் எதுவுமே இல்லாத பாதைப் பிரிப்பு. நூற்று நாற்பது ஆண்டுகள் தாண்டியும் உலகெங்கும் ஒற்றைப் பாதை ஃபுனிகுலர்களில் இந்த முறை ஓடிக்கொண்டிருக்கிறது.

வடம் அறுந்தால்?

கேட்க வேண்டிய கேள்விதான். 2025 செப்டம்பர் 3ஆம் தேதி போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் குளோரியா இழுவை ரயிலில் இதுதான் நடந்தது. இரண்டு பெட்டிகளை இணைத்த வடம் விட்டுப்போய், மேலிருந்த பெட்டி சரிவில் கட்டுப்பாடின்றி ஓடித் தடம் புரண்டது. 16 பேர் இறந்தார்கள். 1885இல் தொடங்கிய பாதை அது. அங்கே சரிவு சுமார் 18 சதவீதம். கேப் பாயின்ட்டை விடப் பெரிய வித்தியாசமில்லை.

எடையைச் சமன் செய்யும் அதே வடம்தான் இந்த ரயிலின் பலம். அது போனால் சமநிலையும் போய்விடும். ஒவ்வொரு பெட்டியும் தன் முழு எடையோடு தனியாகச் சரிவில் நிற்கும். அப்போது பெட்டியிலேயே இருக்கும் பிரேக், வடத்தின் உதவி இல்லாமல், தனியாக அந்த எடையைப் பிடித்து நிறுத்த வேண்டும். லிஸ்பனில் பிரேக் போட்டும் பெட்டி நிற்கவில்லை. நவீன ஃபுனிகுலர்களில் வடம் தளர்ந்தாலோ வேகம் எல்லை மீறினாலோ, தானாகவே தண்டவாளத்தை இடுக்கி போல் கவ்வும் பிரேக்குகள் வைக்கிறார்கள். அந்த ஏற்பாடும் வடத்தைத் தவறாமல் சோதிப்பதும் சேர்ந்ததுதான் பாதுகாப்பு. ஆகவே உலகில் எந்த ஊர் இழுவை ரயில் என்றாலும், "இன்று பராமரிப்பு, ரயில் ஓடாது" என்ற பலகையைப் பார்த்தால் கோபப்படாதீர்கள். நடந்து போங்கள். அந்தப் பலகை வைக்கிற நிர்வாகம்தான் நல்ல நிர்வாகம்.

ரயிலுக்கு ஏன் ஒரு பேய்க் கப்பலின் பெயர்?

இந்த ரயிலின் பெயர் 'ஃப்ளையிங் டச்மேன்', பறக்கும் டச்சுக்காரன். மாலுமிகளிடையே சுற்றிய பழைய கதை இது. வான் டெர் டெக்கன் என்ற டச்சுக் கேப்டன், புயலில் இந்த முனையைச் சுற்ற முடியாமல் திணறினானாம். "உலகம் முடியும் நாள் வரை ஆனாலும் சுற்றியே தீருவேன்" என்று சபதம் போட்டானாம். அன்றிலிருந்து கரை சேராமல் அலைகிறது அந்தக் கப்பல். கண்ணில் பட்டால் கெட்ட சகுனம். ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர் இதை ஓபெராவாக்கி 1843இல் அரங்கேற்றினார். பிற்காலத்தில் பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் ஆன இளவரசர், 1881இல் போர்க்கப்பலில் பயணம் செய்தபோது இந்தக் கப்பலைப் பார்த்ததாகக் குறிப்பு இருக்கிறது. ஆனால் அது ஆஸ்திரேலியாவுக்குப் பக்கத்தில். பேய்க்குத்தான் எல்லை கிடையாதே!

இதற்கு ஓர் இயற்பியல் விளக்கமும் சொல்வார்கள். குளிர்ந்த கடல் நீருக்கு மேலே குளிர்ந்த காற்றும், அதற்கு மேலே வெப்பமான காற்றும் அடுக்காக நிற்கும்போது, ஒளி வளைந்து வரும். அடிவானத்துக்கு அப்பால் இருக்கிற கப்பல் கடலுக்கு மேலே மிதப்பது போலவோ தலைகீழாகவோ தெரியும். கானல் நீரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். குளிர் நீரோட்டம் ஓடும் இந்தக் கரை அதற்கு ஏற்ற இடம்.

உயரத்தில் வைத்தது ஏன் தப்பானது?

இப்போது கட்டுரையின் தலைப்புக்கு வருவோம். பூமி உருண்டை என்பதால், விளக்கு எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் தெரியும். 238 மீட்டர் உயரத்தில் இருந்து பார்த்தால் அடிவானம் சுமார் 55 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். 87 மீட்டர் உயரம் என்றால் சுமார் 33 கிலோமீட்டர்தான். காகிதத்தில் பார்த்தால் உச்சியே சிறந்தது.

முதல் சிக்கல், மேகம். ஈரம் நிறைந்த கடல் காற்று இந்தச் செங்குத்துப் பாறையில் வந்து மோதும். போக வழியில்லாமல் மேலே ஏறும். ஏற ஏறக் குளிரும்; நூறு மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு டிகிரி. ஓர் உயரத்துக்கு மேல் அந்த ஈரம் நீர்த்துளியாகி மேகமாகிவிடும். கேப் டவுனின் டேபிள் மவுன்டன் மேல் வெள்ளைத் துணி விரித்தது போல மேகம் படர்வதும் இதே காரணத்தால்தான். கீழே கடல் பளிச்சென்று இருக்கும். உச்சி மட்டும் பஞ்சுக்குள் புதைந்திருக்கும். விளக்கு அந்தப் பஞ்சுக்குள். எரிந்தும் பயனில்லை. மோசமான வானிலையில்தான் மாலுமிக்கு விளக்கு தேவை. சரியாக அந்த நேரத்தில்தான் இது காணாமல் போனது.

இரண்டாவது சிக்கல் கொஞ்சம் நுட்பமானது. என்னைக் கேட்டால் இந்தக் கதையின் உயிரே இதில்தான் இருக்கிறது. மேகம் இல்லாத இரவிலும் அந்த விளக்கு ஆபத்தாக இருந்தது, காரணம், அது தேவைக்கு முன்பே தெரிந்தது. மேற்கிலிருந்து வருகிற கப்பல் முனையைச் சுற்றிக் கிழக்கே திரும்ப வேண்டும். முனைக்கு அப்பால் கடலுக்குள் பெல்லோஸ் ராக் போன்ற பாறைகள் நிற்கின்றன. அலை உடையும்போது மட்டும்தான் அவை இருப்பதே தெரியும். அவற்றுக்கும் தெற்கே தள்ளிப் போய்த்தான் திரும்ப வேண்டும். ஆனால் விளக்கு மலை உச்சியில் இருந்ததால், இடையிலுள்ள மேடுகளையெல்லாம் தாண்டி முன்கூட்டியே கண்ணில் பட்டது. "விளக்கு வந்துவிட்டது, திருப்பு" என்று கரைக்கு நெருக்கமாக வெட்டித் திரும்பினால்? பாறைதான்.

அப்படின்னா, விளக்கு மறைவதும் ஒரு செய்திதான். இப்போதைய விளக்கு முனையின் நுனியில், 87 மீட்டர் உயரத்தில், தாழ்வாக இருக்கிறது. மேற்கிலிருந்து வரும் கப்பலுக்குக் கரை மேடுகள் அதை மறைத்துவிடும். தெற்கே போதுமான தூரம் விலகிய பிறகுதான் தெரியும். தெரியாதவரை இன்னும் தள்ளிப் போக வேண்டும் என்று அர்த்தம். தெரிந்துவிட்டால் பாதுகாப்பான தூரத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம். எல்லாத் திசையிலும் எல்லாருக்கும் தெரிவதை விட, சரியான இடத்தில் இருப்பவருக்கு மட்டும் தெரிவது பயனுள்ளது.

இந்த மாற்றத்துக்கு ஒரு விபத்து வேண்டியிருந்தது. 1911 ஏப்ரல் 18 நள்ளிரவு. போர்ச்சுக்கீசியக் கப்பல் 'லூசிட்டானியா', இன்றைய மொசாம்பிக்கின் மபுட்டோவிலிருந்து, அன்று லொரன்சோ மார்க்கெஸ் என்று பெயர், வந்துகொண்டிருந்தது. (முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் 'லூசிட்டானியா' வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.) கப்பலில் 774 பேர். அவர்களில் 475 பேர் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள். மூடுபனியில் விளக்கு தெரியவில்லை. கப்பல் பெல்லோஸ் பாறையில் ஏறிவிட்டது.

உடனே மூழ்காமல் பாறையிலேயே நின்றதுதான் பெரும்பாலானவர்களைக் காப்பாற்றியது. உயிர்காக்கும் படகு ஒன்று கவிழ்ந்து எட்டுப் பேர் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 20ஆம் தேதி, கப்பல் பாறையிலிருந்து நழுவி 37 மீட்டர் ஆழத்துக்குப் போனது. இப்போதும் அங்கேதான் கிடக்கிறது. ஆழ்கடல் நீச்சல் தெரிந்தவர்கள் இறங்கிப் பார்க்கிறார்கள்.

புதிய விளக்கின் வேலை 1914இல் தொடங்கியது. செங்குத்துப் பாறையின் விளிம்பில் கட்ட வேண்டிய வேலை. முடிய 1919 ஆனது. இன்றைக்கு அதன் ஒளித்திறன் 1 கோடி கேண்டெலா. ஒரு மெழுகுவர்த்தியின் வெளிச்சம் ஏறத்தாழ ஒரு கேண்டெலா என்று நினைத்துக்கொண்டால் அளவு புரியும். தென்னாப்பிரிக்கக் கரையிலேயே வலிமையான விளக்கு இதுதான். 63 கிலோமீட்டர் வரை எட்டும் என்று பலகைகளில் எழுதியிருக்கும். அது ஒளியின் பலத்தைச் சொல்லும் கணக்கு. பூமியின் வளைவையும் சேர்த்துக்கொண்டால், கடலிலிருந்து 20 மீட்டர் உயரத் தளத்தில் நிற்பவருக்குச் சுமார் 50 கிலோமீட்டரில்தான் விளக்கு நேரடியாகக் கண்ணில் படும்; அதற்கு முன் வானத்தில் படரும் ஒளிப்பிழம்பு மட்டும் தெரியலாம்.

முப்பது வினாடிக்கு மூன்று மின்னல்

விளக்கு தெரிந்தால் மட்டும் போதாது, அது எந்த விளக்கு என்றும் தெரிய வேண்டும். இதன் அவசியம் பக்கத்துக் கடலின் பெயரிலேயே இருக்கிறது. கேப் பாயின்ட்டுக்குக் கிழக்கே இருக்கும் அகன்ற விரிகுடாவுக்கு 'ஃபால்ஸ் பே' என்று பெயர், பொய் விரிகுடா. கிழக்கிலிருந்து திரும்பிய பழைய மாலுமிகள், எதிர்க்கரையில் இருக்கும் ஹாங்க்ளிப் முனையைப் பார்த்து இதுதான் கேப் பாயின்ட் என்று நினைத்து வடக்கே திருப்பிவிடுவார்கள். ஊர் வரும் என்று பார்த்தால் வேறு விரிகுடாவுக்குள் மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

அதனால்தான் ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தனி அடையாளம் உண்டு. ஒன்று பத்து வினாடிக்கு ஒரு முறை மின்னும், இன்னொன்று வேறு கணக்கில். கேப் பாயின்ட்டின் கணக்கு, முப்பது வினாடிக்கு மூன்று முறை. கப்பலில் கடிகாரம் வைத்து எண்ணிப் பார்த்து, விளக்குப் பட்டியலோடு ஒப்பிட்டால் ஊர் பெயர் தெரிந்துவிடும். பேருந்துக்கு வழித்தட எண் மாதிரி.

ஜிபிஎஸ் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். செயற்கைக்கோள் சமிக்ஞையைக் குழப்ப முடியும், கருவி பழுதாக முடியும். கண்ணால் சரிபார்க்க ஒன்று இருப்பது நல்லது என்பதால் பல நாடுகள் இந்த விளக்குகளை அணைக்கவில்லை. அதோடு, இந்த வழியில் போக்குவரத்து திடீரென்று கூடவும் செய்யும். 2023 கடைசியில் செங்கடலில் ஹூதி படையினர் சரக்குக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோது, பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயஸை விட்டுவிட்டு மறுபடி ஆப்பிரிக்காவைச் சுற்ற ஆரம்பித்தன. ஆசியாவிலிருந்து ஐரோப்பா போகிற பயணத்தில் பத்து நாள் வரை கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை என்று டயஸ் போட்ட பாதைக்கே திரும்பினார்கள்.

போகிறவர்களுக்குக் கொஞ்சம் நடைமுறை

கேப் டவுனிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சைமன்ஸ் டவுன் வழியாகப் போனால் போல்டர்ஸ் கடற்கரையில் பென்குயின்களையும் பார்த்துவிடலாம். பூங்கா நுழைவுக் கட்டணம் தனி, ரயில் கட்டணம் தனி. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் கணிசமாக அதிகம். நம்மூர் தாஜ்மகாலில் வெள்ளைக்காரருக்கு வாங்குகிற மாதிரிதான். ரயிலுக்கு இருவழிச் சீட்டும் உண்டு, ஒருவழிச் சீட்டும் உண்டு. ஏற ரயில், இறங்க நடை என்பது நல்ல ஏற்பாடு. இறங்கும்போதுதான் இரண்டு பக்கக் கடலும் கண்ணுக்கு எதிரே இருக்கும்.

ரயில் நேராக விளக்கின் வாசலில் விட்டுவிடும் என்று நினைக்காதீர்கள். கீழ் நிலையம் சுமார் 127 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரயில் 87 மீட்டர் ஏற்றி 214இல் விடும். பழைய விளக்கு இருப்பது 238இல். மீதி 24 மீட்டர், அதாவது எட்டு மாடி உயரம், படிக்கட்டுதான். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு மேல் நிலையத்தோடு பயணம் முடிந்துவிடும். வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவது நல்லது. மேல் நிலையத்தில் இருந்தே காட்சி அருமையாகத்தான் இருக்கும், உட்கார்ந்து பார்க்கலாம்.

காற்று பலமாக அடிக்கும். கோடையில் வீசும் தென்கிழக்குக் காற்றுக்கு உள்ளூரில் 'கேப் டாக்டர்' என்று பெயர், ஊரின் கெட்ட காற்றை அடித்துக்கொண்டு போய்விடுமாம். தொப்பி, துப்பட்டா, செல்போன் எல்லாம் பத்திரம். அடுத்தது பபூன் குரங்குகள். அழகர்கோவில் குரங்கைச் சமாளித்த அனுபவம் இங்கே போதாது. இவை பெரியவை, கோரைப்பல் உள்ளவை, கார்க் கதவைத் திறக்கவும் தெரிந்தவை. கையில் தின்பண்டம் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். பிடுங்க வந்தால் கொடுத்துவிடுங்கள், இழுபறி வேண்டாம்.

பாதையோரம் இருக்கிற புதர்களையும் ஒரு பார்வை பாருங்கள். 'ஃபைன்போஸ்' என்கிற இந்தக் குட்டைச் செடிக் கூட்டம் இந்தப் பகுதிக்கே உரியது. 2004இல் யுனெஸ்கோ இந்தத் தாவரப் பகுதியை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது.

பழைய கோபுரத்தைச் சுற்றி நின்று போட்டோ எடுத்ததும் பெரும்பாலானவர்கள் திரும்பிவிடுகிறார்கள். அங்கே இருக்கும் ஊர் தூரப் பலகையில்தான் கூட்டம். கொஞ்சம் பொறுங்க. உச்சியிலிருந்து தெற்கே குனிந்து பார்த்தால், பாறையின் கடைசி விளிம்பில், ஒரு சின்ன வெள்ளைக் கட்டடம் தெரியும். அதுதான் இப்போது எரிகிற விளக்கு. அதன் அருகே வரை பயணிகளை விடுவதில்லை. ஆனால் அதை நன்றாகப் பார்க்கக்கூடிய இடம் வரை மலை விளிம்பில் ஒரு நடைபாதை போகிறது. போய்வர ஒன்றரை மணி நேரம் ஆகும். வழியில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ராடார் நிலையத்தின் மிச்சங்களைப் பார்க்கலாம். ஒரு பக்கம் தடுப்பில்லாத சரிவு. குழந்தைகளின் கையை விடக் கூடாது.

நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பூங்கா இருட்டும் முன்பே மூடிவிடுவார்கள். கோடையில் அங்கே சூரியன் மறைய இரவு எட்டு மணி ஆகும். கேட்டை அதற்கு வெகுமுன்பே சாத்திவிடுவார்கள். முப்பது வினாடிக்கு மூன்று முறை அந்த விளக்கு இருட்டில் மின்னுவதைப் பார்க்க வேண்டுமென்றால், கப்பலில்தான் வர வேண்டும்.